கல்யாணம் ஆளை மாற்றுமா, மாறினமாதிரி நடிக்கப் பழக்குமா?

கேள்வி (2 ஜூன், மாலை 6.15)

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். என் கணவர் அலமாரியைத் திறந்தால் மூட மாட்டார். எந்த அலமாரியாக இருந்தாலும் சரி. இரண்டு முறை நெற்றியில் இடித்துக்கொண்டேன், ஒரு முறை நன்றாக வீங்கியது. சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கதவில் சீட்டு எழுதி ஒட்டியும் பார்த்தேன். சீட்டைப் படித்துச் சிரித்துவிட்டு, திறந்தபடியே விட்டுப் போனார். யாரும் யாரையும் மாற்ற முடியாது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். "இருபது வருடத்தில் ஒருவரை ஒருவர் மாற்றிவிட்டோம்" என்று பெரியவர்கள் சொல்வதெல்லாம் சும்மா. சண்டை வேண்டாமென்று நடிக்கப் பழகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இல்லை என்பவர்கள் வந்து சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு 10.20

இல்லை என்கிறேன். 27 வருட அனுபவம்.

அலமாரிக் கதவு மூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீணாக நம்பிக்கை கொடுத்து என்ன பயன். ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் கணவன் மனைவியை ஆய்வுக்கூடத்தில் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்லி, வருடக்கணக்கில் கவனித்தவர். தம்பதிகளுக்குள் வரும் சச்சரவுகளில் 69 சதவீதம் தீரவே தீராத ரகம் என்கிறார். எத்தனை வருடம் கழித்துப் போய்ப் பார்த்தாலும் அதே சண்டை நடந்துகொண்டிருக்குமாம். எங்கள் வீட்டில் அது ஜன்னல். அவளுக்கு இரவில் திறந்திருக்க வேண்டும், எனக்கு மூடியிருக்க வேண்டும். 27 வருடமாக நான் மூடுகிறேன், நான் தூங்கியதும் அவள் திறக்கிறாள். ஒருவரும் மாறவில்லை, நடிக்கவும் இல்லை.

ஆனால் நீங்கள் அலமாரியையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது மற்ற இடங்களில் என்னென்னவோ மாறிக்கொண்டிருக்கும். ஓர் உதாரணம். நான் ஓர் அறைக்குள் போகுமுன் தொண்டையைக் கனைக்கிறேன். லேசாக, இரண்டு தரம், இரண்டாவது கொஞ்சம் சின்னதாக. கல்யாணத்துக்கு முன் எனக்கு இந்தப் பழக்கம் கிடையாது. என் மனைவியிடம் உண்டு. அவளுக்கு அது அவள் அப்பாவிடமிருந்து வந்தது. அவரை நான் பார்த்ததில்லை, எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். ஆக, முகம்கூடப் பார்த்திராத ஒரு மனிதரின் கனைப்பு என் தொண்டைக்குள் இருக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை, நானும் முயற்சி செய்யவில்லை. அலுவலகத்தில் ஒரு பையன், "சார் வர்றதுக்கு முன்னாடி சார் கனைப்பு வந்துடும்" என்று சொன்ன அன்றுதான் எனக்கே தெரியும். இதை நடிப்பு என்று எப்படிச் சொல்வது? நடிப்பவனுக்குத் தான் நடிப்பதாவது தெரிந்திருக்கும்.

3 ஜூன், இரவு 11.05

திருத்தம். 27 வருடம் இல்லையாம், 26 வருடம் 4 மாதமாம். பக்கத்து அறையிலிருந்து தகவல் வந்தது. தேதி எல்லாம் அவள் இலாகா.

4 ஜூன், காலை 7.30

இலாகா என்று நேற்று விளையாட்டாகத்தான் எழுதினேன், படுத்த பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன் அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், அவள் ஐந்து வாரம் அங்கே போய் இருந்தாள். எனக்குத் துவைக்கத் தெரியும், வீட்டைப் பெருக்கத் தெரியும், தனியாக இருந்து பழகியவன், ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் ஒரு நண்பரின் மகளை வழியில் பார்க்கிறேன். அவள் நலம் விசாரிக்கிறாள், எனக்கு அவள் பெயர் வரவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த பெண். அங்கேயே நின்று தலையைச் சொறிகிறேன். அப்போதுதான் புரிந்தது, அந்தப் பெயர் என் தலைக்குள் என்றுமே இருந்ததில்லை, என் மனைவியின் தலைக்குள் இருந்தது. பெயர், பிறந்தநாள், யார் யாரோடு பேசுவதில்லை, யாரிடம் எதைக் கேட்கக் கூடாது, எல்லாம் அவளிடம். வழி, சாவி, ரசீது, எந்தப் பொருளுக்கு எப்போது உத்தரவாதம் முடிகிறது என்பதெல்லாம் என்னிடம். அவள் அங்கிருந்து தினம் இரண்டு முறை போன் செய்வாள், ஒன்று வழி கேட்க, ஒன்று நான் சாப்பிட்டேனா என்று கேட்க. நான் ஒரு முறை செய்வேன், பெயர் கேட்க.

இதை டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1980களிலேயே எழுதியிருக்கிறார். சேர்ந்து வாழ்பவர்கள் நினைவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், எனக்குத் தெரிய வேண்டியது விஷயம் இல்லை, அது யாரிடம் இருக்கிறது என்பதுதான் என்கிறார். 1991இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட பரிசோதனை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். காதல் ஜோடிகள் சிலரையும், ஒருவரை ஒருவர் அறியாத ஆட்களைச் சேர்த்த ஜோடிகள் சிலரையும் எடுத்துக்கொண்டு, நிறைய விஷயங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அவர்கள் போக்கில் விட்டபோது நிஜ ஜோடிகள் ஜெயித்தார்கள். "நீ இந்தத் துறை, நீ அந்தத் துறை" என்று ஆய்வாளர்களே பிரித்துக் கொடுத்தபோது நிஜ ஜோடிகள் அந்நியர்களிடம் தோற்றார்கள். அவர்களுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கணக்கில் வெளியாள் கை வைத்ததும் குழம்பிவிட்டது.

ஆக, கேள்வி கேட்டவருக்கு: மூன்று வருடத்தில் உங்களுக்குள்ளும் இலாகா பிரிந்திருக்கும். எந்த விஷயத்தை நீங்கள் நினைவு வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அலமாரியை மூடுவது உங்கள் இலாகா என்று அவர் எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டார், உங்களுக்குத்தான் ஆணை வந்து சேரவில்லை.

4 ஜூன், மதியம் 1.10

"ரொம்ப வருடம் வாழ்ந்தால் முகம்கூட ஒரே ஜாடை ஆகிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் நம்பிக்கொண்டிருந்தவன்தான். இதற்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுவது 1987இல் ராபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளரின் குழு செய்த ஆய்வு. கல்யாணமான புதிதில் எடுத்த படத்தையும் 25 வருடம் கழித்து எடுத்த படத்தையும் வைத்து, யார் யாரோடு ஜாடை ஒத்துப்போகிறார்கள் என்று மற்றவர்களைக் கேட்டார்கள். கூடியிருக்கிறது என்று முடிவு வந்தது. சேர்ந்து சிரித்து, சேர்ந்து முகம் சுளித்து, ஒரே இடத்தில் சுருக்கம் விழுகிறது என்று விளக்கமும் கொடுத்தார்கள். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது. ஆனால் பார்த்தது மொத்தம் 12 ஜோடி. 2020இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த இரண்டு பேர் 517 ஜோடிகளை எடுத்து, மனிதக் கண்ணாலும் பார்த்து, கணினியையும் பார்க்க வைத்து, அப்படி ஒன்றும் நெருங்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். தம்பதிகளின் ஜாடை ஒத்துப்போவது உண்மைதானாம், ஆனால் அது முதல் நாளே அப்படி இருக்கிறதாம்.

எங்கள் கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கும் ஒத்துப்போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை. அவள் வயதைவிட இளமையாகத் தெரிகிறாள், நான் என் அப்பா மாதிரி இருக்கிறேன்.

6 ஜூன், இரவு 9.50

கொஞ்சம் சங்கடமான பகுதி. சண்டை.

கல்யாணமான புதிதில் கோபம் வந்தால் அவள் கத்துவாள், நான் வாயை மூடிக்கொள்வேன். என் மௌனம் ஒன்றும் பெருந்தன்மை இல்லை. மூன்று நாள், நான்கு நாள் பேசாமல் இருப்பேன், அவளாக வந்து பேசும் வரை. கத்துகிறவர் பாவம், ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், பேசாதவன் ஆயுதம் தீரவே தீராது. அது எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் வைத்திருந்தேன்.

இப்போது தலைகீழ். நான்தான் கத்துகிறேன். அவள் ஒன்றும் சொல்லாமல் துணி மடிக்கிறாள். எப்போது இடம் மாறினோம் என்று எனக்குத் தெரியவில்லை. எதிரெதிர் ரயிலில் ஏறி, நான் அவள் ஊருக்கும் அவள் என் ஊருக்கும் போய் இறங்கியதுபோல. நான் அவளிடமிருந்து வெளியே கொட்டிவிடக் கற்றுக்கொண்டேன், அவள் என்னிடமிருந்து பொறுமையைக் கற்றுக்கொண்டாள், இப்படித்தான் ஒருவரை ஒருவர் செதுக்கிக்கொள்கிறோம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 2010, அமெரிக்காவில் 1,296 தம்பதிகள். கணவன் மனைவி குணம் காலப்போக்கில் ஒன்றுபோல் ஆகிறதா என்று பார்த்தார்கள். பெரும்பாலும் இல்லை. ஒத்த குணம் இருந்தால் அது தேர்ந்தெடுக்கும்போதே இருந்த ஒற்றுமை. ஒரே ஒரு விதிவிலக்கு: எரிந்து விழுவது. ஒருவர் சீறினால் மற்றவரும் சீறப் பழகுகிறார், வருடம் ஏற ஏற அதில் மட்டும் இருவரும் நெருங்குகிறார்கள். ஒட்டிக்கொள்வதற்கு எத்தனையோ நல்ல குணம் இருக்க, ஒட்டியது இது.

எங்கள் வீட்டில் ஏன் நெருங்காமல் இடம் மாறியது என்பதற்கு ஆய்வில் பதில் இல்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

6 ஜூன், இரவு 10.30

செம்மண்ணில் விழுந்த மழைத்தண்ணீர் மாதிரி என்று இரண்டு பேர் எழுதியாயிற்று. மூன்றாவது ஆள் வருமுன் சொல்லிவிடுகிறேன். அந்த உவமையில் எப்போதும் தண்ணீர் சிவந்ததைத்தான் பேசுகிறோம். மண் சேறாகி, வழுக்கி, ஒரு நாள் முழுக்க யாரையும் நடக்க விடாமல் செய்ததை யாரும் பேசுவதில்லை.

9 ஜூன், இரவு 11.40

படித்துவிட்டாள்.

நான் மறைக்கவில்லை, திறந்து வைத்துவிட்டுப் போனேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து மேலிருந்து கீழே வரை படித்தாள். ரயில் உவமைக்குச் சிரித்தாள். அப்புறம் சொன்னாள், அவள் வார்த்தையிலேயே போடுகிறேன்: "பொறுமைய உங்ககிட்ட கத்துக்கிட்டேன்னு யார் சொன்னா? நான் ஓஞ்சு போயிட்டேங்க. கத்தி ஒண்ணும் ஆகலன்னு விட்டுட்டேன்."

இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. இருபது வருடமாக நான் ஒரு குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தது, அசதியாம். வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், துணி மடிக்கும் கைகள், குனிந்த தலை. ஆக, கேள்வி கேட்டவர் சொன்னதில் பாதி சரி. நடிப்பு இல்லை, ஆனால் மாற்றம் என்று நாம் பெருமையாகச் சொல்வதில் கொஞ்சம் கைவிடலும் கலந்திருக்கிறது. 6ஆம் தேதி எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

இன்னொன்றும் சொன்னாள், அது இதைவிட மோசம். கனைப்பு அவள் அப்பாவுடையது இல்லையாம். "எங்கப்பா எங்க கனைச்சார்? அவர் கதவத் தள்ளிட்டு வர்ற சத்தத்துல தெருவே எழுந்துக்கும்." அவளுக்கும் அந்தப் பழக்கம் கிடையாதாம், கல்யாணத்துக்கு அப்புறம்தான் வந்ததாம். புதிதில் நான் ஏதாவது படித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும்போது பின்னால் யாராவது வந்தால் தூக்கிவாரிப்போடுமாம் எனக்கு. ஒரு முறை மையைக் கொட்டிவிட்டேனாம். (ஞாபகம் இருக்கிறது. மை மட்டும் ஞாபகம் இருக்கிறது.) அதிலிருந்து, உள்ளே வருமுன் வாசலில் நின்று கனைத்துவிட்டு வர ஆரம்பித்திருக்கிறாள். எனக்காக.

அவள் அப்பாவுடையது என்று நான் எங்கிருந்து பிடித்தேன்? யாரும் சொல்லவில்லை. நானே ஒரு கதை கட்டி, எத்தனையோ பேரிடம் சொல்லி, சொல்லிச் சொல்லி நம்பியும் விட்டேன். அவளிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

10 ஜூன், காலை 6.45

தூக்கம் சரியில்லை. இலாகா விஷயத்தில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, நேற்று இரவுக்குப் பிறகு அதை விட முடியவில்லை.

என் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியும். எனக்கு முன்பே உரிமம் வாங்கியவள். கல்யாணமாகி முதல் இரண்டு வருடம் மாற்றி மாற்றித்தான் ஓட்டினோம். அவள் ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதில் எனக்குப் பெருமை வேறு. ஆனால் முன்னால் ஏதாவது வண்டி மெதுவானால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அங்கே பிரேக் கிடையாது, இருந்தாலும் அழுத்தும். செருப்பு தரைவிரிப்பில் உரசும் சத்தம் ஒன்று வரும், சர்ரென்று, மெதுவாக. அவள் கண்ணைத் திருப்பாமல் ஓட்டுவாள். அப்புறம் சில நாள், "நீங்களே ஓட்டுங்க, எனக்குத் தலைவலி" என்றாள். அப்புறம் காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். இத்தனை வருடமாக நான் எல்லாரிடமும் சொல்லிவருவது: "அவளுக்கு வண்டி ஓட்டப் பிடிக்காது." அவள் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். அவளும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறாள், கடைசியில் அவளுக்கே அது உண்மையாகிவிட்டது.

வழி என் இலாகா என்று எழுதினேன் அல்லவா. அது பங்கு பிரித்தது இல்லை, நான் பிடுங்கியது. கையால் இல்லை, காலால்.

1999இல் ட்ரிகோட்டாஸ், கேரல் ரஸ்புல்ட் என்ற ஆய்வாளர்களும் இன்னும் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள், அதில் சொல்லும் விஷயத்துக்கு மைக்கலாஞ்சலோ விளைவு என்று பெயர். கல்லுக்குள் சிலை ஏற்கெனவே இருக்கிறது, தேவையில்லாததைத் தட்டி எடுப்பதுதான் சிற்பி வேலை என்று மைக்கலாஞ்சலோ என்ற இத்தாலியச் சிற்பி சொன்னதாகச் சொல்லப்படும் பழைய எண்ணத்திலிருந்து வந்த பெயர். ஒருவர் எப்படி ஆக ஆசைப்படுகிறாரோ, அப்படி ஆனவராகவே துணை அவரை நடத்தினால், அவர் கொஞ்சம் கொஞ்சமாக அப்படியே ஆகிறார் என்பது விஷயம். இதில் கவனிக்க வேண்டியது, சிற்பி மனதில் இருக்கும் சிலை கணக்கில் வராது, கல் எதுவாக ஆசைப்பட்டதோ அதுதான் கணக்கு. நான் எனக்கு வேண்டியபடி துணையைத் திருத்துவது இதில் சேராது, அதுவும் ஒரு வகை உடைப்பு.

எனக்கு நடந்ததை மட்டும் பார்த்தால் இது நூற்றுக்கு நூறு பொருந்துகிறது. எனக்குக் கூட்டத்தில் எழுந்து பேச வராது. அவள் அதை ஒரு குறையாகவே எடுத்துக்கொண்டதில்லை. வெளியாள் யாராவது வந்தால், "அவர்கிட்ட கேளுங்க, அவர் நல்லா விளக்கிச் சொல்வார்" என்பாள், நான் திக்கிக்கொண்டு சொல்வேன், அடுத்த முறையும் அதையேதான் சொல்வாள். எட்டுப் பத்து வருடத்தில் நான் நிஜமாகவே விளக்கிச் சொல்பவனாகிவிட்டேன், இங்கே இவ்வளவு நீளம் எழுதிக்கொண்டிருப்பதே சாட்சி. அவள் என்னைப் பேசுகிறவனாக நடத்தினாள், நான் அவளை வண்டி ஓட்டத் தெரியாதவளாக நடத்தினேன். இரண்டும் பலித்தது.

14 ஜூன், இரவு 8.00

"என் வீட்டுக்காரர் சிகரெட்டை விடமாட்டேன் என்கிறார், எப்படி மாற்றுவது" என்ற கேள்விக்கு.

சொல்லி மாற்ற முடியுமா என்பதற்கு நான் நல்ல சாட்சி இல்லை. ஆனால் 2015இல் இங்கிலாந்தில் 3,722 ஜோடிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. புகைக்கும் பெண்களில், கணவரும் புகைத்துக்கொண்டே இருந்தால் விட்டவர்கள் 8 சதவீதம். கணவர் முதலிலிருந்தே புகைக்காதவர் என்றால் 17. கணவரும் அதே காலத்தில் சேர்ந்து விட்டார் என்றால் 50. எனக்கு இதில் உறைத்தது நடுவில் இருக்கும் 17. பக்கத்தில் ஓர் உத்தமர் இருப்பது பெரிதாக உதவவில்லை. கூடவே விழுந்து எழுகிற ஒருவர் இருந்தால்தான் நடக்கிறது.

நீங்கள் புகைக்காதவர் என்றால் அவரோடு சேர்ந்து விட வேறெதாவது உங்களிடம் இருக்குமா என்று பாருங்கள். இது ஆய்வில் இல்லை, என் யோசனை. என்னை நடக்கப் போகச் சொல்லி அவள் 11 வருடம் சொன்னாள். நான் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் எதுவும் சொல்லாமல் வாசல்படியில் உட்கார்ந்து தன் காலணிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். எங்கே என்றேன். "மூச்சு வாங்குது, நடக்கப்போறேன்" என்றாள். நானும் எழுந்து போனேன். நானாக முடிவெடுத்ததுபோல் இருந்தது. இன்று வரை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

14 ஜூன், இரவு 8.25

மேலே சொன்னதை அவளிடம் காட்டினேன். 11 இல்லை, 13 வருடமாம்.

15 ஜூன், மதியம் 12.15

அடிக்கிற கணவரைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார், பிறகு அழித்துவிட்டார். அவர் இதைப் படிப்பார் என்று நினைத்து எழுதுகிறேன். நான் இங்கே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. அன்பாக நடத்தினால் மாறுவார், பொறுத்தால் மாறுவார், சிற்பி, கல், எதுவும் வேண்டாம். முதலில் உங்கள் பாதுகாப்பு. நம்பிக்கையான ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லுங்கள். அந்த 2010 ஆய்வில் ஒட்டிக்கொள்ளும் ஒரே குணம் எது என்று பார்த்தோமே, அந்த வீட்டில் இருந்துகொண்டு அதைக் குணப்படுத்துவது உங்கள் வேலை இல்லை.

22 ஜூன், மாலை 5.40

ஒரு வாரம் எதுவும் எழுதவில்லை. கார் விஷயத்தை அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன். எழுதுவது சுலபமாக இருந்தது, சொல்வது அப்படி இல்லை. அவள் கேட்டுவிட்டு, "அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் கேக்கும், நீங்க டிவி பாக்கும்போதுகூட கால அழுத்துறீங்க" என்றாள். எனக்குத் தெரியாது.

இன்று ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்காரவில்லை, பின் இருக்கையில், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு. முதல் பத்து நிமிடம் கியரோடு மல்லுக்கட்டினாள், இரண்டு முறை வண்டி நின்றது, பின்னால் ஒருவர் ஒலி எழுப்பித் தள்ளினார். நான் ஜன்னல் வழியே மரங்களை எண்ணினேன். வெறுங்கால் தரைவிரிப்பை அழுத்தினால் சத்தம் வராது என்று கண்டுபிடித்திருக்கிறேன். அழுத்தாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று எழுதினால் பொய். கேள்வி கேட்டவர் இதைத்தான் நடிப்பு என்கிறார் போலிருக்கிறது, சரி, இதை ஒத்துக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தூங்கிட்டீங்களா?" என்றாள். வழியை அவள் என்னிடம் கேட்கவில்லை. இரண்டு இடத்தில் தப்பான பக்கம் திரும்பினாள், தானே கண்டுபிடித்துத் திரும்பி வந்தாள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அது நன்றாக இருந்தது என்று சொல்ல ஆசை, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

23 ஜூன், இரவு 10.10

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: போன வாரம் அவர் அம்மா வீட்டில் அலமாரியைத் திறந்து, மூடாமல் வந்துவிட்டாராம். அவர். கணவர் இல்லை. அவர் அம்மா நெற்றியில் இடித்துக்கொண்டாராம். அவருக்கு என் அனுதாபங்கள், அம்மாவுக்கு இன்னும் கூடுதலாக.

கனைப்பைப் பற்றியும் ஒன்று. அது எனக்காக அவள் ஆரம்பித்தது, நான் அதை அவளிடமிருந்து எடுத்து அவளுக்கே திருப்பிச் செய்துகொண்டிருக்கிறேன், அவளோ பின்னால் இடி விழுந்தாலும் திரும்பாத ஆள், பிறகு இது எதற்கு என்று தோன்றியது. காரணம் இல்லாத பழக்கம்தானே, நிறுத்திப் பார்ப்போமே என்று நேற்றிலிருந்து முயற்சி. வாசலில் தொண்டை தானாகத் தயாராகும், விழுங்கிக்கொள்வேன்.

இன்று சாயங்காலம் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஏதோ கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் உள்ளே போய், "மூக்குக்கண்ணாடி எங்க?" என்றேன். பேனா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள்.

"கனைச்சிட்டு வரத் தெரியாதா உங்களுக்கு?"